கோயில் லோரியின் டீசல் மீட்டர்

கோயில் லோரியில் டீசல் மீட்டர் சரியாயிடுச்சான்னு நிறைய பேர் கேட்டீங்க. சரியாயிடுச்சு. ஆனா நடந்ததை முழுசா சொல்லணும், ஏன்னா அதுல என் தப்பும் இருக்கு.

தைப்பூசத்துக்கு முதல் நாள் ராத்திரி, கிள்ளானிலிருந்து பத்துமலைத் தண்ணீர்ப் பந்தலுக்குச் சாமான் ஏற்றிப்போன லோரி கூட்டரசு நெடுஞ்சாலையில் நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். மீட்டர் முள் பாதியில நிக்குது, டேங்க்ல டீசல் இல்லை. பெட்ரோல் கார் மாதிரி எண்ணெய் ஊத்தினவுடனே டீசல் இஞ்சின் எழும்பாது. லைனுக்குள்ள காத்து புகுந்திடும். காத்து ஸ்குரூவைத் தளர்த்தி, ஃபில்டர்கிட்ட இருக்கிற கைப்பம்பை அமுக்கி அமுக்கி, நுரை நின்னு சுத்தமான டீசல் வர்ற வரைக்கும் விடணும். லோரி பந்தலுக்கு வந்து சேர்ந்தப்போ விடிஞ்சிருச்சு. ராத்திரி முழுக்க பால்குடம் தூக்கி நடந்து வந்தவங்க நம்ம வெறும் பந்தலைப் பார்த்துட்டுத் தாண்டிப் போனாங்க.

அந்தக் கோபத்துல, “டீசல்கூடப் பார்க்காம வண்டி எடுக்கிறதா?”ன்னு வாட்ஸ்அப் குழுவில் எழுதினது நான்தான். டிரைவர் அண்ணன் பதில் எழுதலை. அடுத்த வாரத்திலிருந்து அவர் சீட்டுக்குப் பின்னால ஒரு மூங்கில் குச்சி இருந்தது. டேங்க்ல விட்டு அளந்துட்டுத்தான் வண்டியில ஏறுவார்.

நான் ஏர்கோன் வயரிங் செய்கிறவன். மீட்டரை நானே பார்க்கிறேன்னு நிர்வாகத்திடம் சொன்னேன். டேங்குக்குள் ஒரு மிதவை, அதைப் பிடிச்சிருக்கிற கம்பி, கம்பியோட மறுமுனை உரசுற ஒரு ரெசிஸ்டர் பட்டை. எண்ணெய் ஏறி இறங்கும்போது ஓம் மாறும், முள் நகரும். அவ்வளவுதான் சங்கதி. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பழைய ஃப்ளோட்டை வெளியே எடுத்தேன். கம்பி துருப்பிடிச்சு பாதி உயரத்திலேயே இறுகிக் கிடந்தது. முள் எப்பவும் பாதியைக் காட்டினா அந்த மனுஷன் என்ன செய்வார்? அப்பவே மனசு குத்துச்சு. ஆனா வாயைத் திறக்கலை.

கடையில ‘எல்லா லோரிக்கும் பொருந்தும்’னு ஒரு ஃப்ளோட்டு கொடுத்தாங்க. டேங்கோட ஆழத்துக்குக் கம்பியை அளந்து பூட்டினேன். மீட்டருக்குப் போற வயர் ஒண்ணு, எர்த் ஒண்ணு. சாவியைத் திருப்பினா முள் நேரா ஃபுல்லுக்குப் போச்சு. படம் எடுத்துக் குழுவிலும் போட்டுட்டேன். டிரைவர் அண்ணன் வந்தார், வழக்கம்போல குச்சியை விட்டார். மூணு விரல் அளவுதான் நனைஞ்சிருந்தது.

“தம்பி, டீசல் யாரு ஊத்தினா?”ன்னு கேட்டார். சிரிக்கக்கூட இல்லை.

மாட்டுறதுக்கு முன்னால செஞ்சிருக்க வேண்டியதை அப்புறம்தான் செஞ்சேன். பழைய ஃப்ளோட்டோட கம்பியை எண்ணெய் விட்டு இளக்கி, மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தேன். மிதவை மேலே போனா ஓம் குறையுது, கீழே வந்தா நூறுக்குப் பக்கம் ஏறுது. புதுசு அப்படியே தலைகீழ்: காலின்னா 10 ஓம், ஃபுல்லுன்னா 180. நம்ம மீட்டருக்கு அது பொய் சொல்லாம வேற என்ன செய்யும்? கடைக்காரரிடம் பழசைக் காட்டி, அதே அளவு ஓம் உள்ளதா மாற்றி வாங்கி வந்தேன்.

அதுக்கப்புறமும் முள் உண்மையான அளவுக்குக் கீழேயே காட்டுச்சு. மீட்டர் வயரை ஃப்ளோட்டிலிருந்து கழற்றி ஒரு நொடி சேசிஸ்ல தொட்டேன், முள் ஃபுல்லுக்குப் போனது. எடுத்தேன், காலிக்கு வந்தது. அப்போ மீட்டரும் வயரும் நல்லா இருக்கு. கோளாறு எர்த்தில். டேங்க் ரப்பர் பட்டைமேல உட்கார்ந்திருக்கு, மேலே பெயிண்ட் வேற. டேங்கை நம்பி எர்த் கொடுத்தது தப்பு. சேசிஸில் பெயிண்டைச் சுரண்டி, ஃப்ளோட்டிலிருந்து தனி வயர் இழுத்து போல்ட்டு போட்டேன். முள் அசையாம நின்னுது. மற்ற கோயில்கள்ல இதைச் செய்யப்போறவங்களுக்கு ஒண்ணு: சோதனைக்குன்னு பேட்டரி கரண்டை நேரா ஃப்ளோட்டில் கொடுத்திடாதீங்க. பட்டை கருகிடும், அதுவும் எண்ணெய் டேங்குக்குள்ள.

போன சனிக்கிழமை 10 லிட்டர் 10 லிட்டரா ஊத்தி, முள்ளையும் குச்சியையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். ரெண்டும் ஒத்துப்போச்சு. அன்றைக்கே, முன்பு எழுதின அதே குழுவில், டிரைவர் அண்ணன்மேல தப்பில்லை, அவசரப்பட்டு எழுதினது நான், மன்னிச்சுக்குங்கன்னு எழுதினேன். அவர் ஒரு கும்பிடு படம் மட்டும் போட்டார். குச்சி இன்னும் சீட்டுக்குப் பின்னாலதான் இருக்கு.

வர்ற ஞாயிறு காலை 7 மணிக்கு அன்னதானப் பாத்திரங்களை லோரியில் ஏற்றணும். நாலைந்து இளைஞர்கள் வந்தால் போதும். பசியாறல் கோயிலிலேயே.