பந்தைத் தொடாதவனும் பட்டியலில் உண்டு

ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ முடிவு வந்ததும் ஊரில் ஒரு வாக்குவாதம் கிளம்பி, பொழுது விடிவதற்குள் இங்கே அமெரிக்காவில் உள்ள தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்துவிடுகிறது. மாநில முதலிடம் பெற்றவரின் பெயரை அறிவிக்கலாமா, கூடாதா? தமிழக அரசு 2017இல் அந்த வழக்கத்தை நிறுத்தியது சரி என்பதே என் கட்சி. ஆனால் அதே சூட்டோடு, அமெரிக்க உள்ளூர்ப் பத்திரிகைகள் ஹைஸ்கூல் ஆட்டக்காரர்களைப் பொறுக்கியெடுத்துப் போடும் ‘ஆல்-ஏரியா’ பட்டியலும் அதே நஞ்சுதான் என்று நம்மவர் சிலர் தீர்ப்பெழுதும்போது உடன்பட முடியவில்லை. இந்த நாட்டைக் குறை சொல்ல எனக்கும் ஆசைதான். மருத்துவமனை பில்லிலிருந்து தொடங்கினால் இந்த இதழ் முழுக்கப் போதாது. இந்தப் பட்டியலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இங்கே ஹைஸ்கூல் அணிகளில் ஆண்டுக்கு 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்கேற்புகள் பதிவாகின்றன. பருவம் முடிந்ததும் கோச்சுகள் தங்கள் பிள்ளைகளின் பெயர்களை உள்ளூர்ப் பத்திரிகைக்கு அனுப்புவார்கள். விளையாட்டுச் செய்தியாளர் தான் நேரில் பார்த்த ஆட்டங்களையும் எண்களையும் எதிரணிக் கோச்சுகளின் வாய்மொழியையும் வைத்து முதல் அணி, இரண்டாம் அணி, அதற்கும் கீழே ‘ஹானரபிள் மென்ஷன்’, எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று அடுக்குவார். நீச்சலிலும் ஓட்டத்திலும் அவருக்கு வேலை குறைவு. நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 15 வயதில் தங்கம் வாங்கிவிட்டுப் பள்ளிக்குத் திரும்பினார். அப்படியொரு பெண்ணை அடையாளம் காட்ட எந்தச் செய்தியாளரும் வேண்டாம், கடிகாரம் போதும்.

செய்தியாளர் வேண்டியிருப்பது வேறு இடத்தில். அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் அணியின் பதினொருவரில் ஐந்து பேர் ‘அஃபென்சிவ் லைன்மேன்’. நடுவில் நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பான். மற்ற நால்வரும் பந்தைத் தொடாமலேயே பருவம் முழுவதையும் ஆடி முடிக்கலாம். குவார்ட்டர்பேக் எத்தனை கெஜம் எறிந்தான், ஓடுபவன் எத்தனை கெஜம் ஓடினான் என்பதெல்லாம் ஏட்டில் ஏறும். அவர்களுக்கு வழி திறந்துவிட்டவனுக்கோ அந்த ஏட்டில் ஒரு வரிகூட இராது. எதிராளியை மல்லாக்கத் தள்ளியதை ‘பான்கேக்’ என்று சிலர் எண்ணிவைப்பதுண்டு. எண்ணுகிறவர் பெரும்பாலும் அவனுடைய கோச்சேதான் என்பதால் அதைச் சாட்சியாகக் கொள்வது கஷ்டம். ஆக, அந்தப் பையன் நல்ல ஆட்டக்காரன் என்று சொல்ல ஒரே வழிதான் இருக்கிறது: ஆட்டம் தெரிந்த ஒருவர் வெள்ளிக்கிழமை இரவில், குளிரில் நின்று, பந்தின் பின்னால் கண்ணை ஓடவிடாமல் அவனையே பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத் தன் பெயரைப் போட்டு எழுத வேண்டும். ஆல்-ஏரியா முதல் அணியில் குவார்ட்டர்பேக்குக்கு ஓர் இடம், லைன்மேன்களுக்கு வழக்கமாக ஐந்து. எண்ணால் அளக்க முடியாத உழைப்புக்கும் அச்சில் இடம் ஒதுக்கும் இந்த ஏற்பாட்டை நான் கொஞ்சம் அதிகமாகவே மெச்சுகிறேன் என்றால், மெச்சிவிட்டுப் போகிறேன்.

கோச்சுகளே வாக்களித்துத் தேர்ந்தால் என்ன என்று கேட்கலாம். ‘ஆல்-கான்ஃபரன்ஸ்’ அணிகள் அப்படித்தான் அமைகின்றன. அங்கே நடப்பது நமக்குப் புதிதல்ல, மொய்க் கணக்கு. என் பையனுக்கு நீ எழுது, உன் பையனுக்கு நான் எழுதுகிறேன். வாசகர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்பது அடுத்த யோசனை. பத்திரிகைத் தளங்கள் நடத்தும் ‘இந்த வாரச் சிறந்த வீரர்’ வாக்கெடுப்பைப் பார்த்தவர்களுக்கு அதன் லட்சணம் தெரியும். பெரிய குடும்பமும் விடாமல் அமுக்குகிற விரல்களும் உள்ள பிள்ளை ஜெயிக்கும். எஸ்எம்எஸ் வாக்கில் பாட்டுப் போட்டி பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செய்தியாளர் மட்டும் என்ன நடுநிலைச் சிகரமா என்பதுதான் வலுவான ஆட்சேபம். இல்லைதான். அவர் கால் படாத சிறு பள்ளியின் பிள்ளை விட்டுப்போகும். சோம்பேறிக் கோச்சின் பிள்ளைகளும் விட்டுப்போவார்கள். தோற்கிற அணியின் நல்ல ஆட்டக்காரி கண்ணில் படமாட்டாள். பெண்கள் ஆட்டத்துக்குக் கிடைக்கும் இடமே குறைவு. கூடைப்பந்தைக் கும்பிடுகிற இண்டியானா மாநிலத்தையே பாருங்கள். அங்கே சிறந்த ஹைஸ்கூல் ஆட்டக்காரருக்கான ‘மிஸ்டர் பாஸ்கெட்பால்’ என்ற பட்டம் பத்திரிகையின் ஆதரவில் 1939இல் தொடங்கியது. முதலில் பெற்றவர் ஜார்ஜ் க்ரோ என்ற கறுப்பினத்தவர். ஆனாலும் அந்தக் காலத்தில் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் போன்ற கறுப்பினப் பள்ளிகளை மாநிலப் போட்டிக்குள்ளேயே விடவில்லை. கதவு திறந்தது 1942இல். அதே அட்டக்ஸ் பள்ளியின் ஆஸ்கர் ராபர்ட்சனுக்கு 1956இல் பட்டம் போனது. பெண்களுக்கான பட்டம் வர 1976 ஆயிற்று. 1974இல் பள்ளி முடித்த லாரி பேர்டுக்கு மிஸ்டர் பாஸ்கெட்பால் பட்டம் கிடைக்கவே இல்லை. பின்னாளில் உலகமே கொண்டாடிய ஆட்டக்காரர் அவர். ஆனால் பேர்ட் விடுபட்டதை இத்தனை ஆண்டு கழித்தும் குற்றமாக எடுத்துக்காட்ட முடிகிறது என்பதைக் கவனியுங்கள். தேர்வு அச்சில் இருக்கிறது, கேள்வி கேட்க ஆளும் இருக்கிறது. கணினி போட்ட ரேங்கிங்கிடம் எங்கே போய் முறையிடுவது?

இனி ஊர் ஒப்பீடு. 1200க்கு எத்தனை என்ற அந்தப் பழைய பட்டியல் கொடுமையாக இருந்ததற்குக் காரணம், அதே மதிப்பெண்தான் கல்லூரி இடத்தையும் முடிவு செய்தது. ஆல்-ஏரியா எதையும் முடிவு செய்வதில்லை. கல்லூரிக் கோச்சுகள் பத்திரிகைக்காகக் காத்திருப்பதில்லை. வீடியோ பார்த்து, நேரில் வந்து, முன்பே ஆளைப் பிடித்துவிடுகிறார்கள். எதுவும் தொங்காத கயிறு என்பதால்தான் அது நேர்மையாக இருக்க முடிகிறது. தமிழ்நாட்டில் பள்ளிகளுக்கான பாரதியார் தின விளையாட்டுப் போட்டியில் வாங்கும் சான்றிதழ் அப்படியல்ல. படிப்பிலும் அரசு வேலையிலும் விளையாட்டு ஒதுக்கீடு இருப்பதால் அந்தத் தாளுக்குச் சோற்றின் எடை உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது செய்வதை எந்த ஆல்-ஏரியாவும் செய்யாது; இதை இங்குள்ளவர்களிடம் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆள் பார்த்துத் தேர்வதும் நமக்கு அந்நியமல்ல. கிராமத்துக் கபடிப் போட்டியில் சிறந்த ரைடருக்குக் கோப்பை கொடுக்கும்போது, கணுக்காலைப் பிடித்து நிறுத்திய கேட்சருக்கும் தனிக் கோப்பை கொடுக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு ஃபிளெக்ஸ் பேனரோடு கழன்று போய்விடுகிறது, பத்திரிகையில் ஏறுவதில்லை என்பதுதான் என் மனக்குறை.

இங்கேயும் ஆல்-ஏரியா பட்டியல் நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை. 2005இல் இருந்த அமெரிக்கப் பத்திரிகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைந்துவிட்டன. 2023 ஆகஸ்டில் கானெட் நிறுவனத்தின் கொலம்பஸ் டிஸ்பாட்ச், ஹைஸ்கூல் ஆட்டச் செய்திகளை எந்திரத்தை வைத்து எழுதவிட்டது. அணியின் பட்டப்பெயர் வரவேண்டிய இடத்தில் நிரப்பாத குறியீடு அப்படியே வெளியாகி ஊர் சிரித்தது. நிறுவனம் அந்தச் சோதனையை நிறுத்திவைத்தது. எந்திரத்துக்கு ஸ்கோர் தெரியும், லைன்மேனைத் தெரியாது. ஆகவே, வரும் டிசம்பரில் கால்பந்துப் பட்டியல் வரும்போது அதைத் திட்டப் போகிற நண்பர்களே, தாராளமாகத் திட்டுங்கள். அதற்கு முன் உங்கள் ஊர்ப் பத்திரிகைக்குச் சந்தா கட்டிவிடுங்கள். விட்டுப்போன பிள்ளையின் பெயரைச் செய்தியாளருக்கு எழுதியனுப்புங்கள். அவருடைய மின்னஞ்சல் முகவரி வழக்கமாகக் கட்டுரையின் அடியிலேயே இருக்கும்.