எடை எங்கே குறைந்தது?

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிக் கொடுத்த கையோடு பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஆம்பின் வாட்ஸ் பற்றித்தான். "சார், பத்து வாட்ஸ் போதுமா, இருபதாவே வாங்கிடலாமா?" பதிலுக்கு நான் கேட்பது வேறு: வீடு எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, வகுப்புக்குப் பிள்ளை எதில் வருவான்? கிட்டார் முதுகில் ஏறிக்கொள்ளும். ஆம்ப் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஷேர் ஆட்டோவில் மடியில் உட்கார வேண்டும். வீட்டுக்குள்ளும் அதே கதைதான். ஹாலில் சீரியல் ஓடும் நேரத்தில் படுக்கையறைக்கு, தம்பி படிக்கும் நேரத்தில் மொட்டை மாடிக்கு என்று அது நாள்தோறும் இடம் மாறும். ஒரு கையால் தூக்க முடியாத ஆம்ப் மெல்ல மெல்லத் துணி போட்டு மூடிவைக்கும் பெட்டியாகிவிடும். முதல் ஆம்ப் எடை குறைந்ததாக இருக்கட்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஆனால் எடை குறைந்தது எல்லாம் ஒன்றல்ல. அந்த எடை எங்கிருந்து குறைக்கப்பட்டது என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

அதற்கு முன், ஆம்ப் ஏன் கிட்டாரின் சரிபாதி என்பதைச் சொல்லிவிடுகிறேன். கெட்டிக் கட்டையில் செய்த எலெக்ட்ரிக் கிட்டாரைத் தனியாக மீட்டினால் பக்கத்து நாற்காலிக்குக் கேட்கும், அவ்வளவுதான். கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றித் தலைமுடி அளவு மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய காயிலும். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலைந்து, காயிலில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. அதை ஒலியாக்குவது ஆம்ப். விரல் என்ன செய்தது என்று வாசிப்பவருக்கே தெரிவிப்பதும் அதுதான். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் இரட்டைக் கம்பிகள் கொண்ட மரபான மாண்டலினை விட்டுவிட்டு, ஐந்து ஒற்றைக் கம்பிகள் பூட்டிய எலெக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக இசை வாசித்தார். சாதாரண மாண்டலினில் ஸ்வரம் மீட்டிய உடனே தேய்ந்துவிடும். கமகத்துக்கு நீடிப்பு வேண்டும். அந்த நீடிப்பைக் காதுக்குக் கொண்டுவருவதில் பிக்கப்புக்கும் ஆம்ப்புக்கும் பெரிய பங்கு உண்டு. எனவே ஆம்பைக் கிட்டாரோடு வரும் உபரிப் பொருளாக எண்ணிக் கடைசியில் மிஞ்சிய காசில் வாங்குவது எனக்குப் பிடிப்பதில்லை. கிட்டாரில் கொஞ்சம் குறைத்து ஆம்ப்பில் கூட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

"வீட்டில் ஹோம் தியேட்டர் இருக்கே, அதில் சொருகினால் ஆகாதா?" என்றும் கேட்பார்கள். ஆகாது. பிக்கப்பின் மெல்லிய சமிக்ஞையை உறிஞ்சாமல் வாங்கிக்கொள்ள கிட்டார் ஆம்பின் உள்ளீடு ஏறக்குறைய பத்து லட்சம் ஓம் மின்தடுப்போடு அமைக்கப்படுகிறது. பாட்டுக் கேட்கும் கருவிகளில் அது சில ஆயிரம் ஓமில் இருந்து சில பத்தாயிரம் ஓம் வரைதான் இருக்கும். ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். புளூடூத் ஸ்பீக்கர் இன்னும் மோசம். மீட்டியதற்கும் கேட்பதற்கும் நடுவில் காதுக்குத் தெரியும் தாமதம் விழும். தாளம் பழகும் பிள்ளைக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

இனி எடைக்கு வருகிறேன். பழைய வால்வு ஆம்பைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அது ஏன் அவ்வளவு கனம் என்று தெரியும்: இரும்பு. வீட்டு மின்சாரத்தை மாற்ற ஒரு டிரான்ஸ்ஃபார்மர். வால்வுக்குச் சில ஆயிரம் ஓம் சுமை தேவை, ஸ்பீக்கரோ 8 ஓம். இரண்டையும் பொருத்த இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர். ஃபெண்டரின் ட்வின் ரிவெர்ப் 85 வாட்ஸ், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், எடை சுமார் 29 கிலோ. அதே நிறுவனம் 2019இல் அதே தோற்றத்தில், வால்வின் குணத்தை டிஜிட்டலாகக் கணித்து ஒலிக்கும் டோன் மாஸ்டர் வரிசையைக் கொண்டுவந்தபோது எடை ஏறத்தாழ 15 கிலோவாக இறங்கியது. முதலில் போனது இரும்பு. டிரான்சிஸ்டருக்கு ஸ்பீக்கரோடு பொருத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். மின்சாரப் பகுதியிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. அந்த மெதுவான அலைக்குப் பெரிய இரும்புக் கரு தேவை. அதையே விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி அனுப்பினால் தீப்பெட்டி அளவு டிரான்ஸ்ஃபார்மர் போதும். செல்போன் சார்ஜர் உள்ளங்கையில் அடங்குவதும் இப்படித்தான். கிளாஸ் டி என்ற வகை ஆம்ப்பில் சக்தி வெப்பமாக வீணாவதும் குறைவு, அதனால் அலுமினியத் தகடுகளும் குறைந்துவிட்டன. காந்தத்தில்கூட ஃபெரைட்டுக்குப் பதில் நியோடிமியம் போட்டால் எடை இறங்கும்.

இவையெல்லாம் நல்ல குறைப்புகள். பழகும் பிள்ளை இதனால் இழப்பது ஏதுமில்லை.

கவலைப்பட வேண்டிய குறைப்பு ஸ்பீக்கரிலும் பெட்டியிலும் நடக்கிறது. கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பி திறந்த நிலையில் விநாடிக்கு 82 முறை அதிர்கிறது. மூன்று அங்குல ஸ்பீக்கரால் அந்த ஆழத்தை உருவாக்க முடியாது. அதன் மேல் சுரங்களைத்தான் ஒலிக்கும். நம் காது கெட்டிக்காரத்தனமாக விட்டுப்போனதை இட்டு நிரப்பிக்கொள்வதால் சுருதி சரியாகவே தெரியும். ஆனால் கட்டைவிரல் மீட்டிய கம்பியின் கனம் தெரியாது. கனம் கேட்காத பிள்ளை இன்னும் ஓங்கி அடிக்கும். அந்தப் பழக்கம் கையில் தங்கிவிடும். பிளாக்ஸ்டார் ஃபிளை 3 ஒரு கிலோவுக்கும் குறைவு, மூன்று அங்குல ஸ்பீக்கர்; பயணத்துக்கும் மொட்டை மாடிக்கும் அருமையான துணை. பாஸ் கட்டானா மினி நான்கு அங்குலம். ரோலண்ட் மைக்ரோ கியூப் ஐந்து அங்குலம், மூன்று கிலோவுக்குள். ஒரே ஒரு ஆம்ப்தான் வாங்க முடியும் என்றால் நான் ஐந்து அங்குலத்துக்குக் கீழே இறங்குவதில்லை. ஆறு அல்லது எட்டு அங்குலம், நான்கைந்து கிலோவுக்குள் கிடைத்தால் இன்னும் நல்லது. வீட்டுக்கென்றே வடிவமைத்த யமஹாவின் டிஎச்ஆர் போன்றவை சின்ன ஸ்பீக்கர்கள் இரண்டை வைத்தே பெட்டியின் அமைப்பாலும் கணிப்பாலும் அகலமான ஒலியைத் தருகின்றன. விலை கூடுதல், ஆனால் குறைந்த சத்தத்தில் அழகாக இருக்கும்.

வாட்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்துக்கும் இருபதுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் மூன்று டெசிபல்தான். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்றவே ஏறத்தாழப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதைவிட ஸ்பீக்கரின் திறன் முக்கியம். செலெஸ்டியனின் கிரீன்பேக் என்ற 12 அங்குல ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தொலைவில் 98 டெசிபல் தரும் என்று அந்த நிறுவனம் குறிப்பிடுகிறது. பத்து டெசிபல் குறைந்த சின்ன ஸ்பீக்கருக்கு அதே சத்தம் வரப் பத்து வாட்ஸ் செலவாகும். சின்ன ஆம்ப் என்றால் விளையாட்டுச் சாமான் என்று நினைக்கும் மாணவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். 1970இல் மயாமியில் 'லைலா' ஆல்பம் பதிவானபோது எரிக் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் பயன்படுத்தியவை ஃபெண்டரின் சின்ன ஆம்புகள். குயின் குழுவின் ஜான் டீக்கன் குப்பைத் தொட்டியில் கிடைத்த ஒரு சர்க்யூட்டைப் பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்து ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆம்ப் செய்தார். 1975இல் வந்த 'குட் கம்பெனி' பாட்டில் ஜாஸ் பேண்டின் ஊதுகருவிகள்போல் கேட்பது பிரையன் மே அதில் வாசித்த கிட்டார்.

கடைக்குப் போகும்போது பிள்ளையின் கிட்டாரையே எடுத்துப் போங்கள். கடைக்காரர் ஆசையாக ஒரு விலையுயர்ந்த கிட்டாரைச் சொருகிக் காட்டுவார். அதில் எந்த ஆம்பும் இனிக்கும். ஆம்பை இப்படி வைக்கச் சொல்லுங்கள்: க்ளீன் சேனல், கெயின் மிகக் குறைவு, பேஸ், ட்ரெபிள் எல்லாம் நடுவில், எஃபெக்ட் ஒன்றும் இல்லை. முதலில் சத்தத்தை வீட்டில் பேசும் அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள். இதுதான் உண்மையான சோதனை. சத்தம் குறையக் குறைய நம் காது கீழ்ச்சுரங்களைக் கூடுதலாக இழக்கிறது. அந்த அளவிலும் மெலியாமல் நிற்கிற ஆம்ப்தான் வீட்டுக்கு உதவும். வால்யூம் குமிழை மிக மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் ஒன்று வரை மௌனம், ஒன்றரையில் தெருவுக்கே கேட்கும். இரவில் பழக அது தோதுப்படாது. பிறகு ஒரே சுரத்தை மீட்டிவிட்டுக் கையை எடுக்காமல் தேய்ந்து மறையும்வரை கேளுங்கள். ஒலி சீராக இறங்குகிறதா, நடுவில் கரகரத்து அறுந்துவிடுகிறதா? அதே சுரத்தை மென்மையாக ஒருமுறை, அழுத்தி ஒருமுறை. இரண்டும் ஒரே அளவில் கேட்டால் அந்த ஆம்ப் கையின் வித்தியாசத்தை மறைக்கிறது என்று பொருள். எனக்கு அது வேண்டாம். கீழ்க் கம்பியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறினால் ஏதோ ஒரு சுரத்தில் பெட்டி கடகடக்கும். மெல்லிய பலகையின் குணம் அங்கே வெளிப்பட்டுவிடும். கடைசியில் கேபிளைச் சொருகும் ஜாக்கை லேசாக அசையுங்கள். பெட்டியோடு நட்டு போட்டு இறுக்கியிருந்தால் நிம்மதி. உள்ளே சர்க்யூட் போர்டிலேயே தொங்கினால், தினமும் சொருகி எடுக்கும் வீட்டில் முதலில் விட்டுப்போவது அதுதான்.

நூறு எஃபெக்டுகள் உள்ளே இருக்கின்றன என்பதை விற்பனைப் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். குமிழ் திருப்புவதிலேயே மாலை முடிந்துவிடும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். இருந்தாலும் டிஸ்டார்ஷனை முழுக்க விலக்கும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது ஒலியை அழுத்திச் சமப்படுத்துவதால் பிக் அடியின் ஏற்றத்தாழ்வு மறைந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் அதே அழுத்தம், சும்மா இருக்க வேண்டிய கம்பிகளின் முனகலை ஊதிப் பெரிதாக்கிக் காட்டுகிறது. மற்றக் கம்பிகளை உள்ளங்கையால் அடக்கப் பழக அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. பாதி நேரத்துக்கு மேல் க்ளீன், கொஞ்ச நேரம் டிஸ்டார்ஷன். இரண்டும் தருகிற ஆம்ப் போதும். எதிரொலிக்கு ஒரு ரிவெர்ப் இருந்தால் தாராளம்.

மின்சாரத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். அமெரிக்காவிலிருந்து சித்தப்பா வாங்கிவரும் ஆம்பின் பின்பக்கத்தை முதலில் படியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் சொருகிய கணத்தில் போய்விடும். அதற்கென்று தனி டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால், தவிர்த்த இரும்பெல்லாம் பக்கத்தில் வந்து உட்காரும். 100 முதல் 240 வரை என்று போட்ட அடாப்டர் உள்ளவை எங்கும் ஓடும். அடாப்டர் தொலைந்து சென்னை ரிச்சி தெருவில் வேறு தேடும்போது வோல்ட் மட்டும் பார்த்தால் போதாது. நடு முனை பாசிட்டிவா நெகட்டிவா என்று ஆம்பின் மேலேயே சின்னப் படம் இருக்கும். மாறிச் சொருகினால் பழுதாகும். மூன்று பின் பிளக் உள்ள ஆம்பில் எர்த் பின்னை எந்தக் காரணத்துக்கும் தவிர்க்காதீர்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்கினால் அது கிட்டாரின் இயல்பு. தொட்டதும் சுள்ளென்றால் உடனே அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆம்ப் கொர்ரென்று இரைகிறது என்று மாற்றக் கிளம்பும் முன், எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரை முழு வேகத்துக்குத் திருப்பிப் பாருங்கள், டியூப் லைட்டை அணைத்துப் பாருங்கள். ஒற்றைக் காயில் பிக்கப் உள்ள கிட்டார் இவற்றின் அலையை எல்லாம் பிடிக்கும். கிட்டாரோடு கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாலே பாதி குறையும்.

பேட்டரியில் ஓடுவது மின்வெட்டுக்கும் மாடிக்கும் வசதி. ரீசார்ஜ் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட்தான், ஆறு போட்டால் 7.2, அதனால் சத்தம் சற்றுக் குறையலாம், கெடுதல் இல்லை. வாசிக்காத வாரங்களில் கழற்றி வையுங்கள், சென்னைப் புழுக்கத்தில் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

ஹெட்ஃபோனில் மட்டும் பழகப் போகிறேன் என்பவர்களுக்கு வாக்ஸ் ஆம்பிளக் போல கிட்டாரின் ஜாக்கிலேயே சொருகும் குட்டிகள் இருக்கின்றன. பொதுத்தேர்வு மாதங்களில் நானே பரிந்துரைப்பேன். மற்ற நாட்களில் ஒலி அறையில் பரவட்டும். பாட்டி நடந்துபோகும்போது "அந்த இடம் நல்லாயிருக்கே" என்று சொல்லட்டும். ஹெட்ஃபோனுக்குள் அடைந்த பிள்ளை சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதையும் கவனித்திருக்கிறேன். இளம் காதுக்கு அது ஆபத்து.

வாங்கி வந்தபின் ஆம்பைத் தரையில் வைக்காதீர்கள். கூர்மையான மேல்சுரங்கள் ஸ்பீக்கரின் நேர் எதிரே மட்டும்தான் நன்றாகக் கேட்கும். தரையில் வைத்தால் அவை முழங்காலுக்குப் போய்விடும், மந்தமாக இருக்கிறதென்று பிள்ளை ட்ரெபிளைக் கூட்டிக்கொண்டே இருக்கும், எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காது கூசும். ஒரு ஸ்டூல் மேல், காதைப் பார்த்து, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி. அடிநாதம் போதவில்லை என்றால் மூலைப் பக்கம் நகர்த்துங்கள், கூடும். எடை குறைந்த ஆம்பில் இதையெல்லாம் பிள்ளையே செய்து பார்க்கலாம். டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்கும் நாள் வரும்போது இது பற்றாது. ஆனால் ஜாம் ரூம்களில் பெரிய ஆம்ப் அங்கேயே இருக்கும். கிட்டாரும் கேபிளும் எடுத்துப் போனால் போதும். சொந்தமாகப் பெரியது வாங்கினாலும் சின்னதை விற்றுவிட வேண்டாம். மறுநாள் ஒத்திகைக்கான பாட்டை ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து எடுக்க அதுதான் வேண்டியிருக்கும்.