ஆள் இருக்கிறார், ரேகை இல்லை

நவம்பர் பிறந்துவிட்டால் வங்கிக் கிளைகளில் தலைகளின் நிறம் மாறிவிடும். மத்திய அரசிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள், தாங்கள் இன்னும் உயிரோடு இருப்பதாக ஆண்டுக்கொரு முறை சொல்லிவிட்டுப் போக வேண்டிய மாதம் அது. சொல்லத் தவறினால் அடுத்த மாதத்திலிருந்து பென்ஷன் நின்றுவிடும். திருச்சியில் இந்தக் கூட்டத்துக்குத் தனிக் களை உண்டு. பொன்மலை ரயில்வே பணிமனை 1928-இல் தொடங்கியது. அங்கே வேலை பார்த்து ஓய்ந்தவர் ஒருவராவது இல்லாத தெருவை அந்தப் பக்கம் பார்ப்பது கடினம்.

நான் போனது வேறு வேலைக்கு. கே.ஒய்.சி. புதுப்பிக்கச் சொல்லிச் செல்போனில் செய்தி வந்திருந்தது. கதவைத் திறந்ததும் காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "லைஃப் சர்டிபிகேட்டுதானே? அந்தப் பக்கம் உக்காருங்க பெரியவரே" என்றார். பென்ஷன் வாங்கும் வயதுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது என்று அவரிடம் வாதாடவில்லை. அந்தப் பக்கம்தான் காற்று வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

டோக்கன் பலகையில் சிவப்பு எழுத்தில் 47 என்று நின்றது. நான் இருந்த நேரம் முழுக்க அது 47-ஐ விட்டு நகரவில்லை. கவுண்டரில் இருந்தவர் "முப்பத்தொண்ணு யாரு?" என்று வாயால்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாஸ்புக்கில் வரவு செலவு பதியும் இயந்திரத்தின் மேல் 'பழுது' என்று ஒரு காகிதம். அதை ஒட்டிய செல்லோடேப்பே மஞ்சள் பூத்துவிட்டது. படிவம் நிரப்பும் மேசையில் பேனாவைக் கயிற்றால் கட்டிவைத்திருந்தார்கள். கயிறு பத்திரமாக இருந்தது. பேனாவில் ரீஃபில் இல்லை.

எனக்கு எதிர்வரிசையில் ஒரு தம்பதி. அவர் பொன்மலையில் ஃபிட்டராக இருந்தவர். காது சற்று மந்தம் என்பதால் அவருக்கும் சேர்த்து அம்மாதான் பேசினார். ஐந்தே நிமிடத்தில் அந்த வரிசைக்கே குடும்ப வரலாறு தெரிந்துவிட்டது. "எம்பது முடிஞ்சதும் இருபது பெர்சென்ட் கூடப் போட்டாங்க தம்பி. எம்பத்தஞ்சு ஆனா முப்பதாம். என்னங்க, இன்னும் மூணு வருசம் இழுத்துப் பிடிங்க!" கணக்கு சரிதான். அடிப்படை ஓய்வூதியத்தில் 80 வயதுக்கு 20 சதவீதம், 85-க்கு 30, 90-க்கு 40, 95-க்கு 50 என்று கூடிக்கொண்டே போய், நூறைத் தொட்டால் இன்னொரு முழுப் பங்கு. வயதாக ஆக விலை ஏறும் பொருள்கள் நம்மிடம் அதிகம் இல்லை. அந்தச் சிறு பட்டியலில் அரசாங்கம் கிழவர்களையும் சேர்த்திருக்கிறது. இருக்கிறோம் என்று நிரூபித்தால் போதும்.

அந்த நிரூபணம்தான் அன்று நடக்கவில்லை.

கவுண்டரில் இருந்த இளைஞர் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவசரத்துக்குக் கற்றுக்கொண்ட தமிழ். ஆனால் நல்ல பிள்ளை. "தாத்தா, விரல் இங்க. அமுக்கு… அமுக்குங்க." உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி, மேலே கண்ணாடி, உள்ளே சிவப்பு வெளிச்சம். பெரியவர் வலது கட்டைவிரலை வைத்தார். அழுத்தியதில் நகம் வெளுத்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. இளைஞர் உதட்டைப் பிதுக்கினார். அடுத்து ஆள்காட்டி விரல். பிறகு இடது கை. ஈரத் துணியால் துடைத்து ஒருமுறை, துடைத்ததைக் காயவைத்து ஒருமுறை. வரிசையில் இருந்த ஒருவர், "தலையில தேச்சுட்டு வைங்க, எண்ணெய்ப் பசை ஏறுனா எடுக்கும். ரேஷன் கடையில அப்படித்தான் செய்வோம்" என்றார். பெரியவர் தலையைத் தடவிப் பார்த்தார். அங்கே எண்ணெய் தங்க முடி வேண்டுமே. அம்மா சட்டென்று அவர் விரலைப் பிடித்துத் தன் வகிடில் தேய்த்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். அதற்கும் வட்டம் சுற்றியது, நின்றது.

அந்தக் கையைக் கிட்டத்தில் பார்க்க முடிந்தது. கட்டைவிரலின் சதை வழவழவென்று மினுங்கியது. கோடு இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கே ஒரு பழைய வெட்டுத் தழும்புதான் இருந்தது. அரம் பிடித்து, மண்ணெண்ணெயில் கை கழுவி, காட்டன் வேஸ்ட்டில் துடைத்தே பணிக்காலம் முழுவதையும் தள்ளிய கை. ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் கழற்றிப் பூட்டப் பொன்மலைக்குத்தான் வரும். அந்த எஞ்சின்களில் இந்த ரேகையின் மிச்சம் கொஞ்சம் இருக்கலாம். வயதானால் தோல் மெலிந்து உலரும், ரேகையின் மேடு பள்ளம் தட்டையாகும். உழைத்த கையென்றால் அது இன்னும் சீக்கிரம். சிமென்ட் கலந்தவர், புளி கரைத்தவர், பாத்திரம் தேய்த்தவர் எல்லோருக்கும் இதே கதி. நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போட்டவர்களுக்கு ரேகை முதல் அமுக்கலிலேயே விழுந்ததை அன்று நானே பார்த்தேன்.

நடுவில் ஒரு பாட்டியின் முறை வந்தது. குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர். ரேகை எப்படியோ விழுந்துவிட்டது. திரையில் இருந்த கேள்வியை இளைஞர் தமிழாக்கித் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பாட்டி… மறுபடி கல்யாணம் ஆச்சா?" கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஏன்ப்பா, மாப்பிள்ளை ஏதாவது பாத்து வச்சிருக்கியா?" என்றார். கிளை முழுவதும் சிரித்தது. இளைஞரின் காது சிவந்துவிட்டது.

சிரிப்பு அடங்குவதற்குள் 'சர்வர் டவுன்' என்ற அறிவிப்பு வந்துவிட்டது. வரிசை கலைந்து வட்டமானது. வட்டம் கூடினால் அந்தக் காலம் வந்துவிடும். கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் அதைக் கொண்டுவந்தார். பித்தளை டோக்கன், கம்பி வலைக்குள் கேஷியர், இருகை கொண்டு தூக்க வேண்டிய லெட்ஜர், பேரைச் சொல்லிக் கூப்பிடும் மேனேஜர். "பேனாவ எடுத்தா பத்தே நிமிசம். இப்ப கம்ப்யூட்டர் வந்து என்னத்தக் கிழிச்சுது?" எல்லாத் தலைகளும் ஆடின.

எனக்கும் அந்தக் கம்பி வலையும் பித்தளை டோக்கனும் நினைவிருக்கின்றன. பத்து நிமிடத்தில் யாருக்கும் பணம் கிடைத்ததாக மட்டும் நினைவில்லை. டோக்கனின் எண் உள்ளங்கையில் அச்சாகும் வரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். லெட்ஜர் கிளார்க் காபிக்குப் போனால் லெட்ஜரும் போனதாக அர்த்தம். கையெழுத்தில் ஒரு சுழி குறைந்தால் காசோலை திரும்பும். கட்டு நோட்டில் கம்பி தைத்துக் கொடுப்பார்கள். பிரிக்கும்போது நோட்டும் கிழியும், நகமும் கிழியும். ரிசர்வ் வங்கி 2001-இல் கம்பி தைக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது. ஆக, அந்தக் காலத்துச் சேவை ஒன்றும் தேனாக ஒழுகவில்லை.

ஆனாலும் அந்த வட்டத்தில் இருந்தவர்கள் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அவர்கள் தேடுவது வேகத்தை அல்ல, எதிராளியை. அன்றைக்குச் சண்டை போட ஓர் ஆள் இருந்தார். லெட்ஜர் கிளார்க்கிடம் எகிறலாம், அவர் திருப்பி எகிறுவார், மேனேஜர் அறைக்குப் போகலாம், அங்கே ஒரு காபி கிடைக்கும், கையெழுத்தும் கிடைக்கும். இன்றைக்குக் கோபத்தை யாரிடம் காட்டுவது? கட்டச் சட்டைக்காரர் கவுண்டருக்குப் போய்க் குரலை உயர்த்தத்தான் செய்தார். அந்த இளைஞர், "சார், நான் காலைல இருந்து டீ கூட குடிக்கல" என்றார். அவ்வளவுதான். உயர்ந்த குரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் திரும்பி வந்து, ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைத் திட்டினார். பழுதான இயந்திரத்தைவிடக் குற்றவாளி இல்லாத தவறுதான் முதியவர்களை அதிகம் களைக்க வைக்கிறது.

சர்வர் வந்தது. ரேகைக்கு மாற்றாக முகத்தைக் காட்டலாம் என்றார் இளைஞர். 2021 நவம்பரில் அரசு கொண்டுவந்த வசதி. செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். உண்மையில் நல்ல ஏற்பாடு, வீட்டில் இருந்தபடியே பேரப்பிள்ளை முடித்துவிடலாம். பெரியவருக்கோ இரண்டு கண்ணிலும் புரை எடுத்திருந்தது. சிமிட்டச் சொன்னால் விழித்தார். விழிக்கச் சொன்னால் சிமிட்டினார். "கண்ணை மூடித் தொறங்க, என்னங்க!" என்று அம்மா காதருகே கத்தினார். வட்டம் சிவந்தது. பிறகு நெட் போனது.

அம்மா நாற்காலியில் வந்து உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "எழுபத்துநாலு ஸ்டிரைக்ல ராத்திரி போலீஸ் வந்து கதவத் தட்டி, இவரு இருக்காரா இருக்காரான்னு கேட்டான். இல்ல, இல்லன்னேன். நம்பிட்டுப் போயிட்டான். இப்ப பக்கத்துல வச்சுக்கிட்டே இருக்காரு, இருக்காருங்கிறேன். நம்ப மாட்டேங்கிறாங்க."

1974 மே 8-இல் தொடங்கிய அந்த ரயில்வே வேலைநிறுத்தம் 20 நாள் நடந்தது. குடியிருப்புகளில் புகுந்து ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோன காலம். வட்டத்தில் இருந்தவர்களில் பாதிப்பேருக்காவது அந்த இரவுகள் தெரிந்திருக்கும். யாரும் பேசவில்லை.

கடைசியில் உள்ளறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். நடுத்தர வயது, கையில் சாப்பாட்டுப் பை. "இன்னுமா முடியல?" என்று கேட்டுவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். பென்ஷன் புத்தகத்தில் பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணை எண்ணைப் பார்த்து எழுதினார். பெரியவரைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் ஃபிட்டருக்கே உரிய நிதானத்தோடு, கோணாமல், பெயரை முழுதாக எழுதினார். அதிகாரி அவர் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். மொத்தமும் ஐந்து நிமிடத்துக்குள். அந்தப் படிவம் அதே இழுப்பறையில்தான் காலையிலிருந்து கிடந்தது.

அதனால், வீட்டில் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் இருந்தால் இதைக் கவனியுங்கள். காகிதத்தில் தரும் உயிர்வாழ் சான்று இன்றும் செல்லும். கேட்டால்தான் எடுப்பார்கள், வாய்விட்டுக் கேளுங்கள். 80 கடந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பர் கூட்டத்தில் நிற்க வேண்டியதில்லை, அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீடு தேடிப் போய்ச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. எந்த வழியில் கொடுத்தாலும், பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்காமல் வெளியே வந்துவிடாதீர்கள்.