தாழ்நாதம் தேடி டெட்ரோயிற் நகருக்கு

ஆற்றங்கரையிலே எழுந்த நகரங்கள் உலகில் எத்தனையோ உண்டு. ஆயினும், வட அமெரிக்காவிலுள்ள டெட்ரோயிற் நகருக்கு ஒரு தனி விநோதம் இருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவுக்கு வடக்கே கனடா என்று பூகோள வகுப்பிலே நாம் படித்திருக்கிறோம். ஆனால் டெட்ரோயிற்றின் ஆற்றோரத்தில் நின்று எதிர்க்கரையை நோக்குபவர், தெற்குத் திசையிலே கனடாவின் வின்ட்சர் நகரைக் காண்பார். ஆறு அவ்விடத்தில் வளைந்து செல்வதே இதற்குக் காரணம். 1701 ஆம் ஆண்டிலே கடிலாக் என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே கோட்டை அமைத்தார். டெட்ரோயிற் என்ற சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியில் நீரிணை என்பது பொருள்.

இந்த நகரின் பெயரை உலகறியச் செய்தது மோட்டார் வண்டி. 1913 இல், டெட்ரோயிற்றை அடுத்த ஹைலன்ட் பார்க்கிலே ஹென்றி போர்ட் நகரும் பொருத்து வரிசையைத் தொடங்கினார். தொழில் நாடித் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் ஆயிரமாயிரமாய் இங்கு வந்து குடியேறினார்கள். 1950 இல் நகரின் மக்கள் தொகை ஏறத்தாழ 18 இலட்சத்து 50 ஆயிரம். பின்னர் தொழிற்சாலைகள் இடம் பெயர்ந்தன, மக்களும் பெயர்ந்தார்கள். 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே அத்தொகை 6 இலட்சத்து 40 ஆயிரத்தை எட்டவில்லை.

மோட்டார் வண்டியைப் பார்க்க வருவோரைப் போலவே, ஓர் ஒலியைத் தேடி வருவோரும் இந்நகருக்கு உளர். அந்த ஒலியின் கதையே இக்கட்டுரை.

தேடல் எது?

பேஸ் கிற்றார் என்னும் வாத்தியத்தை வாசகர்களிற் பலர் அறிந்திருப்பர். தடித்த நான்கு தந்திகள் உடையது. பாட்டிலே அடித்தளமான தாழ்ந்த சுரங்களை வாசிப்பது. வீடு கட்டுவோன் அத்திவாரத்தை மண்ணுக்குள்ளே மறைப்பது போல, இந்த வாத்தியக்காரரின் உழைப்பும் பாட்டினுள்ளே மறைந்து கிடக்கும். கேட்பவர் அதைத் தனியே கவனிப்பதில்லை. ஆனால் அதை நீக்கிவிட்டால் பாட்டு நிலைகுலைந்து போகும்.

மின்சாரக் கிற்றார் தானாகப் பெரிதாய் ஒலிக்காது. அதன் மெல்லிய மின்னலைகளைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்ப அம்பிளிபயர் வேண்டும். இக்கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் உண்டு. ஆகையால் இவ்வாத்தியம் பயிலும் இளைஞர், தம் மனத்தைக் கவர்ந்த ஓர் இசைத்தட்டைக் கேட்டுவிட்டு, “இதே நாதம் தரும் அம்பிளிபயர் எது?” என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். கடை கடையாய் ஏறி இறங்குகிறார்கள். வாங்கியதை விற்று வேறொன்றை வாங்குகிறார்கள். உருக்குலைந்த பழைய பெட்டிக்கும் பெருந்தொகை கொடுக்கிறார்கள். பெற்றோர் சேமித்த பணமும் மாணவர் உழைத்த கூலியும் இவ்வழியே செல்கின்றன.

இத்தேடலிலே மிகப் பலரை ஈர்க்கும் நாதங்களுள் ஒன்று, ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவர் 1960 களில் டெட்ரோயிற்றிலே எழுப்பிய நாதம். “மை கேர்ள்” என்ற பாட்டின் தொடக்கத்திலே, வேறு எவ்வொலியும் எழுமுன் நெஞ்சிலே தட்டுவது போல் ஒலிக்கின்றதே, அது அவருடைய விரல்.

மேற்கு கிராண்ட் வீதியில் ஒரு வீடு

நகரின் நடுவிலிருந்து வடமேற்கே சில மைல் சென்றால், வெஸ்ட் கிராண்ட் பூலவார்ட் என்ற அகன்ற வீதி வரும். அதிலே 2648 ஆம் இலக்க வீடு வெள்ளையும் நீலமுமாய் நிற்கிறது. முகப்பிலே “ஹிற்ஸ்வில் யூ.எஸ்.ஏ.” என்று எழுதியிருக்கிறது. வெற்றிப் பாட்டுகளின் ஊர் என்பது அதன் கருத்து. மாளிகையை எதிர்பார்த்து வருபவர் ஏமாந்து போவர். குடும்பம் ஒன்று வாழத்தக்க சாதாரண இரண்டு மாடி வீடுதான் அது.

பெரி கோர்டி என்பவர் ஒரு காலத்தில் மோட்டார்த் தொழிற்சாலையிலே பொருத்து வரிசைத் தொழிலாளியாய் இருந்தவர். 1959 இல் தம் குடும்பத்தாரின் கூட்டுச் சேமிப்பிலிருந்து 800 டொலர் கடன் பெற்று இசைத்தட்டுத் தொழிலில் இறங்கினார். அவ்வாண்டே, முன்னர் ஒரு புகைப்படக்காரரிடமிருந்த இந்த வீட்டை வாங்கினார். பின்புறத்திலே ஒலிப்பதிவுக் கூடம் அமைந்தது. நகரின் மோட்டார்ப் பெருமையே “மோட்டவுண்” என்ற பெயருக்கும் மூலமாயிற்று. வெற்று இரும்புச் சட்டமாய் வரிசையில் நுழைந்தது புத்தம்புது வண்டியாய் வெளியேறுவதைக் கண்டவர் அவர். அது போலவே, ஒன்றுமறியாத இளம் பாடகர் ஒரு வாசலால் நுழைந்து மறு வாசலால் நட்சத்திரமாய் வெளிவர வேண்டும் என்று அவர் எண்ணினார்.

இவ்வீடு 1985 முதல் அரும்பொருட்சாலையாய் இருந்து வருகிறது. கோர்டியின் தமக்கையார் எஸ்தர் கோர்டி எட்வேர்ட்ஸ் அதை நிறுவினார். உள்ளே மிட்டாய் விற்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. சிறுவனாய் இங்கு வந்த கண்பார்வையற்ற ஸ்டீவி வொண்டருக்கு எளிதாய் அகப்படும்படி, அவர் விரும்பிய இனிப்பை எப்போதும் ஒரே இடத்தில் வைத்தார்களாம். மேலே கூரையடியிலுள்ள அறைதான் எதிரொலிக் கூடமாய் உதவியது. இன்று உள்ள மின்பொறிகள் செய்யும் வேலையை அன்று ஒரு வெற்று அறை செய்தது.

சில படிகள் இறங்கினால் “ஸ்ரூடியோ ஏ” வருகிறது. வாத்தியக்காரர் இதைப் பாம்புக்குழி என்று அழைத்தனர். கூரையிலிருந்து கம்பிகள் பாம்புகள் போல் தொங்கியமையாலே அப்பெயர் வந்தது. பியானோவும் மேளங்களும் கிற்றார்களும் இச்சிறிய அறைக்குள்ளே நெருங்கி இருந்து வாசித்தன. இங்கிருந்துதான் உலகம் முழுவதும் பாடிய பாட்டுகள் 1972 வரை புறப்பட்டன.

பெட்டி எங்கே?

ஜேமர்சன் பயன்படுத்திய அம்பிளிபயரைப் பற்றி நூல்கள் கூறுவதுண்டு. அது அம்பெக் நிறுவனத்தின் பி-15 என்னும் பெட்டி. இந்நிறுவனத்தைத் தொடங்கிய எவரெட் ஹல், பெரிய நிலைப் பிடிலின் அடிமுளைக்குள் ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்தும் முறையைக் கண்டவர். ஒலிபெருக்கிய முளை என்ற கருத்துடைய ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே அம்பெக். 1960 இல் ஜெஸ் ஒலிவர் என்ற பொறியியலாளர் பி-15 ஐ வகுத்தார். அதில் ஒரே ஸ்பீக்கர். அதன் விட்டம் 15 அங்குலம். வால்வுகள் பொருத்திய மேற்பகுதியைத் தலைகீழாய்த் திருப்பிப் பெட்டிக்குள்ளேயே அடக்கிவிடலாம். ஆற்றல் ஏறத்தாழ 25 வாற்று மாத்திரமே. ஹல் துப்புரவான ஒலியை விரும்பியவர். கரகரத்து முழங்கும் றொக் இசையை வெறுத்தவர்.

இரவு விடுதிகளிலே ஜேமர்சன் இந்தப் பெட்டியை வாசித்தார். பெரிய மண்டபங்களிலே வேறொரு பெரிய பெட்டி இருந்தது. இரண்டிலும் தாழ்நாதத்தை முழுவதும் திறந்து, கீச்சொலியைப் பாதியாய்க் குறைத்து வைப்பது அவர் வழக்கம்.

ஆனால், பெட்டி தேடி வந்தவர் இந்த அறையிலே அறிய வேண்டிய செய்தி வேறு. நாம் இசைத்தட்டிலே கேட்கும் நாதத்தின் பெரும்பகுதி எந்த அம்பிளிபயரிலிருந்தும் எழவில்லை! ஜேமர்சனின் கிற்றார்க் கம்பி, மற்றைக் கிற்றார்களின் கம்பிகளோடு சேர்ந்து நேரே ஒலிப்பதிவு மேசைக்குச் சென்றது. வால்வுகள் சற்றே திணறும்படி அவர் அளவை உயர்த்தி வைப்பார். அத்திணறலினால் ஒலியின் முனைகள் மழுங்கி, நாதம் தடித்தது.

இதிலே ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. மோட்டார் வண்டி வானொலியின் சிறிய ஸ்பீக்கர் அவ்வளவு தாழ்ந்த அதிர்வை வெளியிட மாட்டாது. ஆயினும் அச்சுரத்தின் மேலுள்ள இரட்டை, மும்மடங்கு அதிர்வுகளைச் செவி கேட்குமாயின், அடியிலுள்ள சுரத்தை மூளை தானே நிரப்பிக் கொள்ளும். வால்வுகள் சற்றே திணறும்போது பிறப்பவை அந்த மேலதிர்வுகளே. இந்நிறுவனத்தார் தம் பாட்டுகளைச் சிறிய வண்டி ஸ்பீக்கரிலும் ஒலிக்கச் செய்து சோதித்தார்கள். மோட்டார் நகரின் இசை, மோட்டார் வண்டிக்குள்ளே கேட்கும்படியே பதிவாயிற்று.

விரலும் தந்தியும்

மற்றைக் காரணங்கள் இன்னும் எளியவை. அவர் வாசித்தது 1962 ஆம் ஆண்டு பெண்டர் பிரிசிஷன் கிற்றார். அதிலே மிகத் தடித்த, மேற்பரப்பு வழுவழுப்பான லா பெல்லா தந்திகள் பூட்டியிருந்தன. அறுந்தாலன்றி அவர் தந்தி மாற்றுவதில்லை. புதிய தந்தி கணீரென்று நீண்டு ஒலிக்கும். பழைய தந்தியோ கும்மென்று ஒலித்து அடங்கும். தந்தியின் அடியிலே, உலோக மூடிக்குக் கீழே, ஒரு துண்டுப் பஞ்சும் இருந்தது. அது ஒலியை நீளவிடாது தடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் வலக்கையின் ஆட்காட்டி விரல் ஒன்றினாலேயே வாசித்தார். நண்பர்கள் அவ்விரலைக் கொக்கி என்று அழைத்தார்கள்.

இந்த விரல் டெட்ரோயிற்றிலே பிறந்ததன்று. ஜேமர்சன் 1936 இல் தென் கரோலினா மாநிலத்தின் எடிஸ்ரோ தீவிலே பிறந்தார். 1954 இல் தாயாரோடு டெட்ரோயிற்றுக்கு வந்தார். நோர்த்வெஸ்டேர்ன் உயர்நிலைப் பள்ளியிலே பெரிய நிலைப் பிடிலைக் கற்றார். முரட்டுத் தந்தியை ஒற்றை விரலால் இழுத்து ஒலிக்கச் செய்யும் வலு, அவ்வாத்தியத்திலே பெற்றது. பின்னர் இரவு தோறும் ஜாஸ் விடுதிகள், பகல் தோறும் பாம்புக்குழி. ஆண்டுகள் பல இவ்வாறு சென்றன.

பெயரில்லாத மனிதர்

அக்காலத்தில் இசைத்தட்டு உறைகளிலே பாடகர் படம் இருந்தது. வாத்தியக்காரர் பெயர் இல்லை. 1971 இல் மார்வின் கேயின் “வட்ஸ் கோயிங் ஒன்” வெளிவந்தபோதுதான் ஜேமர்சன் முதலியோரின் பெயர்கள் உறையிலே அச்சேறின. அடுத்த ஆண்டே நிறுவனம் லொஸ் ஏஞ்சலிசுக்குப் பெயர்ந்தது. அவரும் பின்னர் அங்கே சென்றார். ஆனால் புதிய ஊரும் புதிய பாணியும் அவருக்கு ஒத்துவரவில்லை. குடிப்பழக்கமும் உடலை அரித்தது. 1983 இல் மோட்டவுண் வெள்ளி விழாவைப் பசடீனா மண்டபத்திலே பெருமையாய்க் கொண்டாடியபோது, அந்த நாதத்தை ஆக்கியவர் மேடையிலே இருக்கவில்லை. நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு மேல் மாடத்திலிருந்து பார்த்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 2 ஆம் திகதி, தமது 47 ஆவது வயதிலே காலமானார். அதற்குச் சில நாள் முன்னர் அவருடைய கிற்றாரும் களவு போயிற்று.

பெயர் பின்னரே வந்தது. 1989 இல் அவரைப் பற்றிய நூலும், 2002 இல் அவ்வாத்தியக்காரர் எல்லோரையும் பற்றிய திரைப்படமும் வெளிவந்தன. 2000 ஆம் ஆண்டில் றொக் இசையின் புகழ் மண்டபம், பின்னணி வாத்தியக்காரருக்கென முதன் முறையாய் இடம் ஒதுக்கியபோது அவரையும் சேர்த்துக்கொண்டது.

வாங்க விரும்புவோருக்கு

ஆதலால், இந்த நாதத்தை விரும்பும் மாணவர் முதலிலே பெட்டிக்குப் பணம் செலுத்த வேண்டியதில்லை. வழுவழுப்பான தடித்த தந்தி ஒரு கோவை வாங்கிப் பூட்டட்டும். அதை மாற்றாமல் வைத்திருக்கட்டும். அடியிலே ஒரு துண்டுப் பஞ்சு செருகட்டும். அதற்குச் சில சதமே செல்லும். ஒற்றை விரலால், தந்தியை அழுத்தமாய் இழுத்துப் பழகட்டும். அதன் பின்னும் பெட்டி வேண்டுமாயின், 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுள்ள, அதிக ஆற்றலற்ற, வால்வு கொண்ட பெட்டியைத் தெரிந்தெடுக்கலாம். கீச்சொலியைக் குறைத்து, வால்வுகள் சற்றே உழைக்கும் அளவிலே வைத்துக் கேட்கட்டும். பெயர் பெற்ற பழைய பெட்டியே வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வீட்டைச் சுற்றிப் பார்த்து முடித்தவர் மறுபடியும் அகன்ற வீதிக்கு வருகிறார். வண்டிகள் முன்னும் பின்னும் ஓடுகின்றன. அவற்றின் வானொலிகளிலே இன்று ஒலிக்கும் பாட்டுகள் பலவற்றின் அடியிலே ஒரு பேஸ் கிற்றார் ஒலித்துக்கொண்டிருக்கும். அதை வாசிப்பவர் பெயர் என்ன என்று ஒரு முறை விசாரித்து அறிந்துகொள்வது, ஜேமர்சனின் ஊரைக் கண்டு வந்தவர் செய்யத்தக்க சிறு மரியாதை.