பாட்டி ரூமுக்கு ஒரு ஹீட்டர்

எங்க வீடு ஊட்டியில. கல் சுவர், தகரக் கூரை, யாரும் பத்த வைக்காத ஒரு ஃபயர்பிளேஸ். போன ஜனவரி வரை பாட்டி ரூமுக்கு ஹீட்டர் என்றால் அது கரிச் சட்டிதான். ராத்திரி கரியைக் கங்காக்கி உள்ளே வச்சு, குளிர் வராம கதவு ஜன்னல் எல்லாம் சாத்திடுவாங்க.

ஒரு நாள் காலையில அம்மா கதவைத் தட்டினப்போ பாட்டியால எழுந்திருக்க முடியல. தலைவலி, வாந்தி. ஆஸ்பத்திரியில ஆக்ஸிஜன் வச்ச பிறகுதான் தெளிஞ்சாங்க. கார்பன் மோனாக்சைடு. நிறமோ வாசனையோ கிடையாது. ரத்தத்துல ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல வலுவா பிடிச்சுக்கும். இதை நான் பிளஸ் டூவில படிச்சு மார்க் வாங்கியிருக்கேன். அதே சட்டி பக்கத்துல உட்கார்ந்து கை காய்ச்சியும் இருக்கேன்.

லீவுக்குப் போனதும் "ஏசி போடுங்க, ஹீட் பம்ப், ஒரு யூனிட் கரண்டுக்கு மூணு யூனிட் சூடு" என்று ஆரம்பிச்சேன். மாமா ஃபயர்பிளேஸைச் சரி பண்ணலாம்னார். திறந்த ஃபயர்பிளேஸ்ல முக்கால்வாசிக்கு மேல சூடு புகைக்கூண்டு வழியா வெளியே போயிடும். கேஸ் ஹீட்டரும் மூடின ரூமில அதே ஆபத்துதான். எல்லாம் கேட்டுட்டு பாட்டி ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "நீ சொல்ற ஏசியில கை காய்ச்ச முடியுமாடா?"

முடியாது. சூடான காத்து நேரா மேலே போய் தகரத்துலதான் ஒட்டும். மழையில ஊறிப் போன பலகை சீலிங்கை வேற ஏற்கெனவே கழட்டியாச்சு. அப்பதான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். 12க்கு 12 அடி ரூம், வெளியே 6 டிகிரி, உள்ளே 18 வேணும். வெறும் தகரம் வழியா மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோவாட் ஓடிப் போகுது. 2 இன்ச் கிளாஸ் வுல் வச்சு கீழே பலகை அடிச்சா 120 வாட் கூட வராது. என்ன ஹீட்டர் வாங்கலாம்னு ஒரு வாரமா சண்டை போட்டுட்டு இருந்தோம், கூரையைப் பத்தி யாருமே பேசல!

பில் கணக்கும் அதையேதான் சொல்லுச்சு. 1500 வாட் ஹீட்டர் தினம் 8 மணி நேரம் முழுசா ஓடினா ரெண்டு மாசத்துக்கு 720 யூனிட். 500ஐத் தாண்டினா ஸ்லாப் மாறி ரேட் எகிறும்.

அதனால முதல்ல சீலிங். அடுத்து வயரிங்: 1500 வாட்டுக்கு ஆறரை ஆம்பியர் வேணும், அங்க இருந்தது எர்த் இல்லாத பழைய 5 ஆம்பியர் சாக்கெட். 16 ஆம்பியருக்குத் தனி லைன் இழுத்தோம். கடைசியா எண்ணெய் நிரப்பின ரேடியேட்டர். சூடு ஏற அரை மணி நேரம் ஆகும், எனக்கு அது பிடிக்கல. ஆனா பாட்டி அதுமேல துண்டைப் போட்டு, அந்தத் துண்டுல கை வச்சு உட்கார்ந்துக்கிறாங்க. துண்டு போடக் கூடாதுன்னு டப்பாவிலேயே எழுதியிருக்கு. இப்ப அது அடுத்த சண்டை.

இன்னும் தீராதது கரண்ட் கட். காத்து மழைன்னா மரம் விழுந்து மணிக்கணக்கா வராது. ஒரு மோனாக்சைடு அலாரம் வாங்கி மாட்டியிருக்கேன், பேட்டரியில ஓடுறது. போன வாரம் ஹாஸ்டல்ல இருந்து ஃபோன் பண்ணினப்போ அங்க கரண்ட் இல்ல.

"சட்டி எங்கம்மா இருக்கு?"

"திண்ணையிலதான். உங்க பாட்டியும் ரெண்டு கம்பளியோட அங்கதான் இருக்காங்க. உள்ள வரச் சொல்லு, நான் சொன்னா கேக்கல."