கோபுரமும் மலையும் சேரும் இடம்

2011 ஜூன் கடைசியில் டி.வி. காமிராக்கள் எல்லாம் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் முகாம் போட்டன. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்டு, பொற்காசும் ரத்தினமுமாக வெளியே வந்துகொண்டிருந்த நேரம். 'பி' அறை மட்டும் இதுவரை திறக்கப்படவில்லை. அதற்குள் என்ன இருக்கும் என்ற பேச்சு டீக்கடைகளில் இன்னும் ஓயவில்லை.

அதே கிழக்கேகோட்டையில் விழிஞ்ஞம் பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் இன்னொரு நிலவறையின் வாசலுக்குப் போய்விடலாம். அங்கே பூட்டும் இல்லை, போலீஸ் காவலும் இல்லை. மேலே தண்ணீர் மட்டும்தான். அந்தத் தண்ணீருக்கடியில் என்ன இருக்கிறது என்று அங்குள்ள மீனவர்களுக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, நன்றாகவே தெரியும். தெரியும் என்பதை யாரும் ஒரு கண்டுபிடிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கடலடிப் பாறைத் திட்டை அவர்கள் 'பாரு' என்கிறார்கள். தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்கள் சொன்ன 'பார்'தான் அது. மாநில எல்லையும் மொழி எல்லையும் கரையோடு நின்றுவிடுகின்றன போலிருக்கிறது. பாறை இருக்கும் இடத்தில் பாசியும் பவளமும் பிடிக்கும், சிறு மீன் ஒதுங்கும், அதைத் தின்னப் பெரிய மீன் வரும். மணல்வெளியில் நாள் முழுக்கத் தூண்டில் போட்டாலும் கிடைக்காதது பாரின் மேல் ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடும். ஆனால் மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே நீலம். பாரை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்குத்தான் 'கணிச்சம்'. கடலில் நின்று கரையைப் பார்க்கும் வித்தை. கரையோரத்தில் ஓர் அடையாளம் எடுத்துக்கொள்ள வேண்டும்: தேவாலயக் கோபுரம், கலங்கரை விளக்கம், தனித்து உயர்ந்த ஒரு தென்னை. அதற்குப் பின்னால், வெகுதூரத்தில், சகிய மலையின் ஒரு சிகரம். மரம் நகர நகரக் கோபுரமும் மலையும் ஒன்றையொன்று விலகும், நெருங்கும். ஓரிடத்தில் கோபுரம் மலையின் உச்சிக்கு நேர் கீழே வந்து நிற்கும். இது ஒரு கோடு. வேறு திசையில் இதேபோல இன்னொரு ஜோடி, இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற புள்ளியில்தான் பார் இருக்கிறது. பிறகு கயிற்றில் குண்டு கட்டி இறக்கி ஆழம் பார்ப்பார்கள். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். குண்டு சட்டென்று முன்னதாகவே தரை தட்டினால் வந்த இடம் சரி.

நில அளவைக்காரர் முக்கோணக் கணக்குப் போட்டுச் செய்யும் வேலையைக் கட்டுமரத்தில் ஆடிக்கொண்டே, கருவி எதுவும் இல்லாமல் செய்தார்கள். கரையிலிருந்து தள்ளிப் போகப் போகத் தென்னை மறையும், கோபுரம் மறையும், கடைசியில் மலை மட்டும் மிஞ்சும். அப்போது மலையையும் மலையையும் சேர்த்துக் கணிச்சம் எடுக்க வேண்டும். அப்பனிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாக வந்த வரைபடம் இது. நல்ல பார் ஒன்றின் கணிச்சத்தை அடுத்த வள்ளக்காரனுக்குச் சொல்ல மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

விஞ்ஞானம் இந்த விஷயத்தில் பெரும்பாலும் இரண்டாவதாக வந்து சேர்கிறது. விழிஞ்ஞம், கோவளம் பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுப்பவர்களின் கதையே இதற்குச் சாட்சி. கொல்லத்திலிருந்து கன்னியாகுமரி வரை தென்மேற்குக் கரைப் பாறைகளில் அடர்ந்து வளரும் பழுப்புச் சிப்பி அது. ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது. மூச்சை அடக்கிக் கீழே போய், பாறையிலிருந்து பெயர்த்து, வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். தேங்காய் அரைத்துவிட்ட சிப்பிக் குழம்புக்கு இந்தக் கரையில் இருக்கும் மவுசு தனி. தலைமுறைகளாகத் தின்ற இந்தச் சிப்பிக்கு 1976-ல்தான் விஞ்ஞானப் பெயர் கிடைத்தது. குரியாக்கோஸ், பாலகிருஷ்ணன் நாயர் என்ற இருவர் இதைப் புதிய இனம் என்று விவரித்து 'பெர்னா இண்டிகா' என்று பெயரிட்டார்கள். இந்தியச் சிப்பி!

அந்தப் பெருமை நாற்பது ஆண்டுகள் நீடித்தது. 2016-ல் நியூசிலாந்து, தூத்துக்குடி, திருவனந்தபுரம் விஞ்ஞானிகள் சேர்ந்து இதன் மரபணுவைப் பார்த்தார்கள். இது தனி இனமே அல்ல, ஓமான் பக்கத்துச் சிப்பி, நூறு வருஷத்துக்கு மேல் முன்பு இங்கே வந்து குடியேறியது என்று முடிவு சொன்னார்கள். கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் ஊருக்கு அங்கிருந்தே ஒரு விருந்தாளி முன்னதாக வந்திருக்கிறது! இதைக் கேட்டு எந்த மீனவரும் அதிர்ந்துபோகவில்லை. குழம்பின் ருசி மாறவில்லையே. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சிப்பி எங்கே விளைகிறது என்பதை மூழ்குபவரும், அது எங்கிருந்து வந்தது என்பதை ஆய்வுக்கூடமும்தான் சொல்ல முடியும். ஒன்றுக்கு மற்றொன்று மாற்று இல்லை.

உலகப் புகழ்பெற்ற கண்டுபிடிப்புகளிலும் இந்தச் சங்கதி உண்டு. டைனோசர்களோடு அழிந்துவிட்டதாக நம்பப்பட்ட சீலகாந்த் மீன் 1938-ல் தென் ஆப்பிரிக்கக் கரையில் ஒரு இழுவைப் படகின் வலையில் வந்தபோது விஞ்ஞான உலகம் திகைத்தது. அடுத்த மீனுக்கு 100 பவுண்டு பரிசு அறிவித்து, 14 வருஷம் காத்திருந்து, 1952-ல் கொமோரோ தீவுகளில் கண்டுபிடித்தார்கள். தீவுவாசிகளுக்கோ அது பழைய சிநேகிதம். 'கொம்பெஸ்ஸா' என்று பெயர்கூட வைத்திருந்தார்கள். அதன் சொரசொரப்பான செதிலைச் சைக்கிள் ட்யூபில் பஞ்சர் ஒட்டுவதற்கு முன் தேய்க்கப் பயன்படுத்தினார்கள் என்றும் சொல்வதுண்டு.

திருவனந்தபுரத்தில் இந்த இரு அறிவையும் சேர்க்க முயன்றவர் ராபர்ட் பனிப்பிள்ளை. மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப்' என்ற அமைப்பின் மூலம், மீனவர்கள் பெயர் சொன்ன பார்களுக்கு ஸ்கூபா வீரர்களோடு போய்ப் படமெடுக்க ஏற்பாடு செய்தார். முதியவர்கள் சொன்னதையும் தன் கடல் அனுபவங்களையும் 'கடலறிவுகளும் நேரனுபவங்களும்' என்று மலையாளத்தில் புத்தகமாக்கினார். வாய்மொழியாக இருந்தது காமிராவில் பதிவான பிறகுதான் அதிகாரிகளின் காதுக்குக் கேட்கத் தொடங்கியது. இதை நினைத்துச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா?

இன்றைக்குக் கணிச்சம் எடுப்பவர்கள் அருகிவிட்டார்கள். கையடக்க ஜி.பி.எஸ். வந்துவிட்டது, பொத்தானைத் தட்டினால் பார் வந்துவிடுகிறது. அதைக் குறை சொல்ல முடியாது. மூடுபனியிலும் மழையிலும் மலை தெரியாமல் தவித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் எண்ணில் பாரின் பெயர் இல்லை, அங்கே எந்த மாதம் என்ன மீன் வரும் என்பதும் இல்லை. வலியதுறை, சங்குமுகம் பக்கம் கடலரிப்பில் தென்னைகள் விழுந்துவிட்டன. விழுந்த ஒவ்வொரு தென்னையோடும் யாரோ ஒருவருடைய கோடு போயிருக்கும். 2025 மே 2-ல் முறைப்படி திறக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்தின் ராட்சத கிரேன்கள் கடலில் வெகுதூரத்துக்குத் தெரிகின்றன. கணிச்சத்துக்கு அருமையான அடையாளம்தான். எடுக்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.

உலகக் கடல் தரையில் 2025 ஜூன் வரை நவீனக் கருவிகளால் அளக்கப்பட்டது 27.3 சதவீதம் மட்டுமே என்கிறது 'சீபெட் 2030' திட்டம். மிச்சத்தை அளந்து முடிப்பதற்குள் கடலடியில் புதிதாகச் சேருவதும் நிற்காது. துறைமுகம் திறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல், 640 கன்டெய்னர்களோடு மே 25-ல் ஆலப்புழைக்கு அப்பால் மூழ்கியது. சில நாளில் திருவனந்தபுரம் கரையெங்கும் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் குருணை ஒதுங்கியது. தன்னார்வலர்கள் சல்லடை போட்டு மணலிலிருந்து பிரித்தார்கள். கப்பல் கிடப்பது சுமார் 50 மீட்டர் ஆழத்தில். எந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்பதற்குப் பட்டியல் இருக்கிறது. மூழ்கிய பெட்டிகள் ஒவ்வொன்றும் எங்கே கிடக்கிறது என்பதை, வலை கிழிந்து, மீனவர்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.