சுடுநீரும் செம்மண்ணும்

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை அது. பொழுது புலரும் முன்பே ஜொகூர் பாருவிலிருந்து ஒரு கேம்பர்வேன் வடக்கு நோக்கிப் புறப்பட்டது. இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்த அந்த வண்டியில் படுக்கை, சிறிய எரிவாயு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவை இருந்தன. அப்பா வண்டியை ஓட்டினார். புவியியல் ஆசிரியையான அம்மா அவர் அருகில் அமர்ந்திருந்தார். பின்னிருக்கையில் 72 வயது பாட்டியும் இரண்டாம் படிவத்தில் பயிலும் பேத்தியும் இருந்தனர்.

பாட்டியின் ஆசையே இந்தப் பயணத்திற்குக் காரணம். அவர் சிகாமட் அருகே ஒரு இரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். “முட்டிவலி முத்துறதுக்குள்ள லாபிஸ் சுடுதண்ணியில ஒரு தடவை காலை நனைச்சிடணும்” என்று பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேத்தியின் மனத்திலோ அச்சம் குடிகொண்டிருந்தது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் காலையில், சிகாமட் வட்டாரத்தில் 4.1 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டதை அவள் செய்தியில் பார்த்திருந்தாள். அங்கே தரை நடுங்கியது. நெருப்பில்லாமலே தண்ணீரும் சுடுகிறது. அப்படியானால் அடியில் எரிமலை ஏதும் விழித்துக்கொண்டிருக்கிறதா? கேட்டால் சிரிப்பார்களோ என்று அவள் வாயைத் திறக்கவில்லை.

யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சாஆ வழியாகப் பழைய சாலையில் வண்டி சென்றது. இருபுறமும் செம்பனை மரங்கள் அணிவகுத்து நின்றன. லாபிஸ் சுடுநீர் ஊற்றை அடைந்ததும் பாட்டி செருப்பைக் கழற்றினார். தண்ணீரில் மெல்லக் காலை இறக்கிக் கண்களை மூடிக்கொண்டார்.

“தீபாவளி முடிஞ்சா தோட்டத்து லாரியில எங்களை இங்க கூட்டிட்டு வருவாங்க. வருஷத்துல அந்த ஒரு நாள்தான் எங்கம்மா கால் நீட்டி உட்கார்ந்து நான் பார்த்தது” என்றார்.

பேத்தி மட்டும் கரையிலேயே நின்றாள். “அம்மா, கீழே எரிமலை இருக்கிறதா?” என்று தயங்கியபடி கேட்டாள்.

அம்மா சிரிக்கவில்லை. “நல்ல கேள்வி. இங்கே உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை” என்று தொடங்கினார். “பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்திற்கும் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை கூடும். மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியாக ஆழத்திற்கு இறங்கிச் சூடாகிறது. பிறகு வேறொரு பிளவின் வழியாக மேலே வருகிறது. தீபகற்ப மலேசியாவிலுள்ள சுடுநீர் ஊற்றுகள் இப்படித்தான் உண்டாகின்றன. அன்று வந்த நிலநடுக்கத்திற்கும் எரிமலை காரணமன்று. நெருக்கப்படும் பழைய பாறைகள் பிளவின் ஓரத்தில் சற்றே நகர்ந்தால் தரை அதிரும்.”

“அப்படியென்றால் ஜொகூரில் எரிமலையே இருந்ததில்லையா?”

“இருந்தது. அதை நாளை காட்டுகிறேன்.”

பேத்தி மெல்ல ஒரு காலைத் தண்ணீரில் வைத்தாள். பாட்டி அவளது கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிரவு அனுமதி பெற்ற ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, அடுப்பில் கஞ்சி காய்ச்சிக் குடித்து உறங்கினர். மறுநாள் காலை பாட்டி பிறந்த தோட்டத்தைத் தேடிச் சென்றனர். பால்மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை நின்றது. லயத்து வீடுகள் ஒன்றுகூட எஞ்சவில்லை. பாட்டி நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பின்னர்க் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். அது செங்காவி நிறத்தில் இருந்தது.

“இந்த மண்ணு மட்டும் மாறலை. பால்வெட்டிட்டு வந்தா கால் முழுக்க இதுதான். எத்தனை தேய்ச்சாலும் போகாது” என்றார்.

அம்மா மகளை அருகில் அழைத்தார். “நீ கேட்ட எரிமலை இதோ பாட்டியின் கையில் இருக்கிறது. ஏறத்தாழ 62 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த பிறகு, சிகாமட் பகுதியில் எரிமலைக் குழம்பு வெளிவந்தது. அது ஆறி, பசால்ட்டு எனும் கரும்பாறையாக இறுகியது. வெயிலிலும் மழையிலும் அந்தப் பாறை சிதைந்து மண்ணாயிற்று. அதிலுள்ள இரும்புதான் மண்ணுக்கு இந்தச் செந்நிறத்தைத் தருகிறது. ஆழமான, நீர் நன்கு வடியும் மண்ணாதலால் இரப்பர் மரங்கள் இதில் நன்றாக வேரூன்றின. நம் முன்னோர் வேலை செய்த காடும் இங்கேதான் எழுந்தது.”

பேத்தி பாட்டியின் கையையே பார்த்தாள். தான் அஞ்சிய எரிமலை எப்போதோ அணைந்து, மண்ணாகி, தன் குடும்பத்திற்குச் சோறு போட்டிருக்கிறது! அந்த மண்ணில் தன் கொள்ளுப்பாட்டி விடியும் முன்பே பெரட்டுக்கு ஓடியிருப்பார். பால் வாளிகளைச் சுமந்து நடந்திருப்பார். ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் சுடுநீரில் கால் நீட்டி அமர்ந்திருப்பார்.

வண்டி புறப்பட்டபோது பாட்டியின் பாதங்களில் செம்மண் ஒட்டியிருந்தது. பேத்தி தண்ணீர்ப் புட்டியை நீட்டி, “கழுவிக்கிறீங்களா பாட்டி?” என்று கேட்டாள்.

“வேண்டாம்மா, வீடு வரைக்கும் இருக்கட்டும்” என்றார் பாட்டி.